தேறுவாரா சம்பந்தி?

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. புதிதாக வண்டி பழக வருகிறவரை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, மார்க்கெட் திருப்பத்திலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் ஒரே ஒரு தடவை போய் வந்தால் போதும். வண்டியை விட்டு இறங்கும்போதே "இது தேறும்" என்றோ "இது தேறாது" என்றோ சொல்லிவிடுவார். சொன்னது பலிக்கும். பலிக்காமல் போன சமயங்களுக்கெல்லாம் ஒரே காரணம்தான், அது இன்ஸ்பெக்டர் என்பது மாஸ்டரின் முடிவான கருத்து.

இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் இல்லை. லைசென்ஸ் ஆபீசில் வண்டி ஓட்டிக் காட்டச் சொல்லிப் பரீட்சை வைக்கிறவர். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிறவர்களை நமக்குத் தெரியும். இவர் முயலைப் பிடிக்காமலேயே மூன்று கால் என்பார். கண்ணாடியைப் பார்க்க மறந்தால் ஃபெயில். பார்ப்பதுபோலப் பாவனை செய்தால் அதைவிட மோசமான ஃபெயில்.

மாஸ்டரின் சொந்த மகளையே அவர் மூன்று தடவை ஃபெயிலாக்கினார். மூன்று தடவையும் ஒரே குற்றச்சாட்டு: நிறுத்தச் சொன்ன இடத்தில், வெள்ளைக் கோட்டின் மேல் முன்சக்கரம் ஏறிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த மாஸ்டர், சக்கரம் கோட்டுக்குப் பின்னால்தான் நின்றது என்று தொண்டை கிழியக் கத்தினார். இன்ஸ்பெக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு, அப்பாவின் டிபன் பாக்ஸோடு வந்திருந்த இன்ஸ்பெக்டரின் மகன் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். தண்ணீரில் தொடங்கிய விஷயம் கல்யாணத்தில் போய் நின்றது.

கல்யாண போட்டோவில் சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கிறார்கள். நடுவில் ஒரு லாரியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தலாம். அதற்குப் பிறகு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனாலும், "அவருக்குக் காபி வேணுமான்னு கேளு" என்று மூன்றாவது ஆளிடம்தான் சொல்வார்கள். அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் மகள். இன்ஸ்பெக்டர் ரிட்டயர் ஆனார்; கோபம் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். மூளையின் வலப்பக்கத்தில் பெரிய ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. மூளை வீங்கியதால், அதற்கு இடம் கொடுக்க மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்து, வாய்வழியாகக் குழாய் போட்டு, மூச்சு மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் நாட்கள் போயினவே தவிர, கண் திறக்கவில்லை.

ஒருநாள் டாக்டர் எல்லோரையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதையே மேஜையில் தேடுகிற டாக்டரம்மா. பேச்சில் மட்டும் தடுமாற்றம் கிடையாது.

"வாயில குழாயை ரொம்ப நாள் வச்சிருக்க முடியாது. தொண்டையில சின்னதா ஒரு வழி பண்ணி மாத்தணும். செய்யலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். இவ்வளவு பெரிய அடைப்போட வர்றவங்க மூணு பேர்ல, சுமாரா ஒருத்தர் பிழைக்கிறதில்ல. ஒருத்தர் பிழைச்சாலும் படுக்கையோட இருப்பார். ஒருத்தர் யாராவது பிடிச்சுக்கிட்டா எழுந்து நடமாடுவார். இவர் அந்த மூணுல எதுன்னு இன்னிக்கு எனக்குத் தெரியாது."

"எப்போ தெரியும்?" என்றார் மாப்பிள்ளை.

"சொன்னதைப் புரிஞ்சுக்கிட்டு ஏதாவது செய்றாரான்னு பார்க்கிறோம். செஞ்சார்னா நல்லது. இதுவரைக்கும் இல்ல."

அறையை விட்டு வெளியே வந்ததும் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் கேட்டிருந்தார்களா என்று மாஸ்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை போனில் யாரிடமோ, "பிடிச்சுக்கிட்டா நடப்பார்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றார். இன்ஸ்பெக்டரின் அண்ணன், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், இன்னொரு போனில், "கையை விரிச்சுட்டாங்கப்பா" என்றார். இன்ஸ்பெக்டரின் மனைவியான சம்பந்தியம்மா மட்டும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு பேருன்னாங்களே, இன்னும் ரெண்டு பேரு யாரு? எந்த வார்டுல இருக்காங்க, பாவம்?" என்று கேட்டாள்.

பெரியவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். "தம்பியைச் சின்ன வயசுலேருந்து எனக்குத் தெரியும். மரக்கட்டை மாதிரி கிடக்கிற ஆள் இல்ல அவன். தொண்டையில ஓட்டையெல்லாம் வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"பெரியப்பா, அவசரப்பட வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை.

"நான் அவசரப்படலை. சம்பந்தி இருக்காரே, அவரைக் கேளு. ஆளைப் பார்த்ததும் தேறுமா தேறாதான்னு சொல்றவர். சம்பந்தி, நீங்க உள்ள போய்ப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கு நான் கட்டுப்படுறேன்."

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மகள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க" என்றாள். ஆனால் அதற்குள் அவர், உள்ளே போகிறவர்களுக்குக் கொடுக்கிற மேலங்கியை மாட்டியாகிவிட்டது. முன்பக்கம் பின்பக்கமாக மாட்டியிருந்ததை நர்ஸ் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டார்.

உள்ளே இன்ஸ்பெக்டர் படுத்திருந்தார். தலைக்கட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "வலப்பக்கம் எலும்பு இல்லை. அழுத்த வேண்டாம்." கன்னம் தொங்கியிருந்தது. பாதம் பலகை போல வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. மாஸ்டர் கால்மாட்டிலிருந்து தலைமாடு வரை ஒரு நடை நடந்தார். திரும்பி வரும்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. தேறாது.

அந்த வார்த்தையை இருபது வருஷமாக எத்தனையோ பேரைப் பற்றி நாக்கில் நரம்பில்லாமல் சொல்லியிருக்கிறார். இப்போது கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். சம்பந்தியம்மா எழுந்து நின்றாள். "என்னண்ணா?"

"ஒரு காபி குடிச்சுட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வேகமாகப் படியிறங்கினார்.

கேன்டீனில் டாக்டரம்மா ஒரு மூலையில் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஒளிய இடமில்லாததால் மாஸ்டர் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"ஆளைப் பார்த்தே சொல்லிடுவீங்களாமே சார்? பெரியவர் சொன்னார்."

"அது வண்டி விஷயம் டாக்டர்."

"சரி, இவரைப் பத்தி என்ன சொல்லப் போறீங்க?"

மாஸ்டர் சர்க்கரை போடாத காபியை வெகுநேரம் கலக்கினார். "தேறாதுன்னுதான் தோணுது."

"தேறாதுன்னு தோணுற ஆளை நீங்க என்ன பண்ணுவீங்க?"

"டெஸ்டுக்கு அனுப்ப மாட்டேன். எதுக்கு வீணா? இன்னும் கொஞ்ச நாள் பழகுங்கன்னு சொல்லிடுவேன். அவங்களும் அலுத்துப் போய் நின்னுடுவாங்க."

"அப்போ நீங்க சொன்னது சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?"

"அதான் தேறலியே டாக்டர்!"

"டெஸ்டுக்கே போகலியே சார்."

டாக்டர் பன்னின் மீதியைத் தட்டில் வைத்தார்.

"எங்க தொழில்லயும் இதே கதைதான். பிழைக்க மாட்டார்னு நாங்க சொல்லுவோம். வீட்டுல மெஷினை எடுத்துடுங்கன்னு சொல்லுவாங்க. எடுத்தா பிழைக்க மாட்டார். உடனே, பார்த்தியா, நாம சொன்னது சரின்னு நினைச்சுக்குவோம். அடுத்த ஆளுக்கும் அதையே கணக்குல வச்சுச் சொல்லுவோம்."

"அப்போ நீங்க சொல்றதெல்லாம் தப்பா?"

"எல்லாம் தப்புன்னா நான் வேற வேலைக்குப் போயிடலாமே. நிறைய நேரம் சரியாத்தான் இருக்கு. எது சரி, எது தப்புன்னு முன்னாடியே தெரியறதில்ல, அதுதான் பாடு. அதனால கொஞ்ச நாள் டைம் கொடுங்கன்னு கேக்கிறேன். உண்மையிலேயே தேறலைன்னா அதையும் நானே வந்து சொல்லுவேன். உங்களைச் சொல்ல வைக்க மாட்டேன்."

மாஸ்டர் காபியைக் குடிக்காமலே எழுந்தார். மேலே போய், மேலங்கியை இந்தத் தடவை சரியாக மாட்டிக்கொண்டு, மறுபடியும் உள்ளே போனார்.

"பேச்சுக் கொடுங்க சார். காதுல விழும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

என்ன பேச? வருஷக்கணக்கில் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாஸ்டர் குனிந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் வாயில் இருக்கும் குழாயைப் பார்த்தார். "சரி, விடுங்க" என்றார். வெளியே வெயில் அதிகம் என்றார். பேரன் கணக்கில் நல்ல மார்க் என்றார். அது அம்மா வழி அறிவு என்று சேர்த்துக்கொண்டார். ஒன்றுக்கும் அசைவில்லை. பேசுவதற்கு விஷயம் தீர்ந்துபோனதும், ஒருவருக்கும் சொல்லாமல் இத்தனை வருஷம் உள்ளே கிடந்து புழுங்கிய ஒரே விஷயம் தானாக வாயில் வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அன்னிக்கு வண்டி கோட்டுக்குப் பின்னாடிதான் நின்னுச்சு. மூணு தடவையும். ஒரு சாண் இடம் இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

போர்வைக்கு மேல் கிடந்த வலது கையின் ஆள்காட்டி விரல் எழுந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இல்லை, இல்லை. பிறகு படுத்துக்கொண்டது.

மாஸ்டர் போட்ட சத்தத்தில் இரண்டு கட்டில் தள்ளி ஒரு மெஷின் அலறியது.

டாக்டர் வந்தார். பின்னாலேயே, இரண்டு பேருக்கு மேல் கூடாது என்ற போர்டைத் தாண்டிக்கொண்டு குடும்பமே வந்தது. டாக்டர் இன்ஸ்பெக்டரின் காதருகே உரக்கச் சொன்னார்: "சார், கண்ணைத் திறங்க!" திறக்கவில்லை. "ரெண்டு விரலைக் காட்டுங்க!" காட்டவில்லை. "என் கையை அழுத்துங்க!" அழுத்தவில்லை.

"சில நேரம் விரல் தானா துடிக்கும் சார்" என்றார் டாக்டர் மெதுவாக.

"துடிக்கலை டாக்டர். அது சண்டைக்கு வந்துச்சு!"

பெரியவர் தலையை ஆட்டினார். அப்போது சம்பந்தியம்மா முன்னால் வந்தாள். "ஏன் டாக்டர், கண்ணைத் திற, கையை அழுத்துன்னு அதிகாரம் பண்றீங்களே. கட்டிக்கிட்ட நாள்லேருந்து இவர் ஒருத்தர் சொல்லி ஒரு காரியம் செஞ்சதில்ல. நீங்க சொன்னா மட்டும் செஞ்சுடுவாரா?"

டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மாஸ்டரிடம் திரும்பினார். "நீங்க என்ன சொன்னீங்களோ, அதையே சொல்லுங்க."

மாஸ்டர் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் வந்து பழைய சண்டையை இழுத்தாரா மனுஷன் என்று எல்லோரும் நினைக்கப் போகிறார்கள். போகட்டும். "வண்டி கோட்டுக்குப் பின்னாடிதான் நின்னுச்சு!" என்றார்.

விரல் எழுந்து ஆடியது. எல்லோரும் பார்த்தார்கள்.

டாக்டர் கட்டில்மேல் குனிந்தார். "அப்போ கோட்டு மேலயா சார் நின்னுச்சு?"

விரல் மடங்கியது; கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது.

"மாமா!" என்றாள் மகள், அழுகையும் ஆத்திரமுமாக. "மூணு தடவையுமா?"

மூன்று விரல்கள் எழுந்தன. கண்ணும் திறந்தது, ஒரு கீற்று அளவுக்கு.

சம்பந்தியம்மா சிரித்தாள், பிறகு அழுதாள். மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லோரும் அழுதார்கள், மகள் மட்டும் கொஞ்சம் மனத்தாங்கலோடு அழுதாள். பெரியவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேனே, என் தம்பி லேசுப்பட்டவன் இல்லன்னு" என்றார்.

டாக்டர் வெளியே வந்து சொன்னார்: "நல்ல அறிகுறி. கேட்டதைப் புரிஞ்சுக்கிறார், ஞாபகம் இருக்கு, எண்ணத் தெரியுது. நடப்பாரான்னு மட்டும் இப்பவும் கேக்காதீங்க." தொண்டையில் குழாய் போட மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பேசிப் பேசியே ஆளை எழுப்பிவிட்டார் என்று மறுநாளே வராந்தா முழுக்கப் பேச்சு. பக்கத்துக் கட்டிலில் கிடந்த பேக்கரிக்காரரின் மனைவி மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணா. தேறிடுவாரா?"

மாஸ்டர் உள்ளே போனார். அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் ரொட்டி விலையைப் பற்றியும், அடுப்புச் சூட்டைப் பற்றியும், வீட்டில் எல்லோரும் காத்திருப்பதைப் பற்றியும் வெகுநேரம் பேசினார். ஒன்றும் அசையவில்லை. வெளியே வந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, "எனக்குத் தெரியலைம்மா" என்றார். அந்தப் பெண் அவர் சொன்னதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் இடம் கொடுத்தாள். சாயங்காலம் வரைக்கும் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரக் கடைசியில் பேக்கரிக்காரர் போய்விட்டார். டாக்டரம்மா தானே வந்து அதைச் சொன்னதை மாஸ்டர் தூரத்திலிருந்து பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வர வெகு நாளாயிற்று. தொண்டைக் குழாய் போய், எடுத்து வைத்த எலும்பைத் திரும்பப் பொருத்தி, பேச்சும் வந்தது. பெரிய கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிற ஆள் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. இடது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல மடியில் கிடந்தது. மகன் பிடித்துக்கொண்டால் கம்பை ஊன்றிப் பாத்ரூம் வரை நடப்பார்.

விசித்திரம் என்னவென்றால், இடப்பக்கம் என்று ஒரு பக்கம் இருப்பதையே அவர் மறந்துவிட்டார். கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்றார் டாக்டர். தட்டில் வலப்பாதியை மட்டும் தின்றுவிட்டு, "அரை வயித்துக்குத்தான் போடுறா" என்று பெண்டாட்டியைப் பற்றி வந்தவர்களிடமெல்லாம் புகார் சொன்னார். அவள் பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பாள். "இப்பத்தான் போட்டியா?" என்று மீதியைச் சாப்பிடுவார்.

பிசியோதெரபிக்கு வருகிற பெண், "யார் வந்தாலும் இடப்பக்கம் உட்கார்ந்து பேசுங்க. தானா திரும்பிப் பார்க்கணும். அவருக்கு ரொம்ப வேண்டியவங்க யாராவது தினமும் வந்தா நல்லது" என்றாள்.

"வேண்டியவங்க சொன்னா திரும்ப மாட்டார்" என்றாள் சம்பந்தியம்மா. "வேண்டாதவர் ஒருத்தர் இருக்கார். அவரைக் கூப்பிடுறேன்."

அப்படித்தான் மாஸ்டர் தினமும் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் போய் இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் வலப்பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். "குரல் கேக்குது. ஆளைக் காணோம்."

"இத்தனை வருஷமா ரெண்டு பேரும் அப்படித்தானே இருந்தீங்க. புதுசா என்ன?" என்பாள் சம்பந்தியம்மா.

மாஸ்டர் என்னென்னவோ செய்து பார்த்தார். தப்புத் தப்பாகச் சாலை விதி சொன்னார். லைசென்ஸ் ஆபீசில் புதிதாக வந்திருப்பவர் தங்கமான மனுஷன் என்றார். இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது, குரல் உயர்ந்தது. தலை மட்டும் மூக்குக்கு நேர்வரை வந்து, அங்கே ஏதோ முட்டுக்கட்டை போட்டதுபோல நின்றுவிடும்.

ஒருநாள் மாஸ்டர் சோர்ந்துபோய் வந்தார். அன்று இன்ஸ்பெக்டரைச் சீண்டவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. பேச ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"தையல் கடை அம்மா ஒண்ணு. ரொம்ப நாளா வருது. தேறாதுன்னு நானே டெஸ்டுக்கு அனுப்பாம வச்சிருந்தேன். இன்னிக்குப் போனா போகட்டும்னு அனுப்பிட்டேன்."

"ம்."

"ஃபெயில்."

"எதுல?"

"ரிவர்ஸ்ல. கம்பத்துல இடிச்சுடுச்சு. அந்தம்மா அழவே இல்ல, தெரியுமா? அடுத்த தேதி எப்போன்னு கேக்குது. எனக்குத்தான் மனசு கேக்கலை."

இன்ஸ்பெக்டரின் தலை அசைந்தது. மூக்குக்கு நேராக வந்தது, நின்றது. பிறகு மெல்ல அதையும் தாண்டியது. ஜன்னலைத் தாண்டியது, அலமாரியைத் தாண்டியது, நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டு, மாஸ்டரின் சட்டைப் பொத்தான்களில் ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் அவர் முகத்தில் வந்து நிலைத்தது.

"சொல்லிக்... கொடுத்தது... யாரு?" என்றார்.

கையில் தட்டோடு வந்த சம்பந்தியம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் கேள்வி கேள்விதானே. பழைய கோபம் பழைய வேகத்திலேயே வந்தது.

"நான்தான். ஏன், அதுல என்ன குறை?"

"குறையா?" என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர்.

குறைகள் நிறைய இருந்தன. கழுத்தைத் திருப்பச் சொல்லாமல் கண்ணாடியை மட்டும் பார்க்கச் சொல்லிக் கொடுப்பது; கிளட்சை விடுவதற்கு முன்பே ஸ்டியரிங்கை ஒடிக்கவிடுவது; பயந்தவர்களை வெறும் மைதானத்திலேயே ஓட்டவிட்டுப் பழக்குவது. ஒவ்வொரு வார்த்தையும் வந்து சேர நேரமெடுத்தது. நடுவில் தலை இரண்டு தடவை வலப்பக்கம் நழுவியது. இரண்டு தடவையும் மாஸ்டர் வம்புக்கு ஏதாவது சொல்லித் திருப்பிக்கொண்டுவந்தார். அறையில் விளக்கைப் போட்ட பிறகும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கிளட்ச் விஷயத்தில் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.